நெல் மூட்டையும் கையூட்டும்: புதுவயல் தடத்தில் எண்பது ஆண்டுகள்

தமிழ்நாட்டில் ஊழல் தடுப்பின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் உத்திரமேரூரில் தொடங்குவார்கள். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனையும் அவன் உறவினரையும் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு ஒதுக்கிவைத்தது உண்மைதான். ஆனால் பத்தாம் நூற்றாண்டின் பிராமணச் சபையிலிருந்து இன்றைய லஞ்ச ஒழிப்புத் துறைவரை நேர்கோடு இழுக்க முடியாது. இன்று நம்மிடம் உள்ள சட்டமும் அமைப்பும் இரண்டாம் உலகப் போர்க்காலக் கொள்முதலில் பிறந்தவை. எனவே இக்கட்டுரை கல்வெட்டை விட்டுவிட்டு நெல் மூட்டையைப் பின்தொடர்கிறது.

புதுவயல், காரைக்குடியிலிருந்து அறந்தாங்கி செல்லும் சாலையில் உள்ள பேரூராட்சி. ரயில் நிலையத்தின் பெயரைக் கண்டனூரோடு பங்கிட்டுக்கொள்கிறது. செட்டிநாடு என்றதும் வெளியூர்க்காரருக்கு மாளிகைகள் நினைவுக்கு வரும். நெல் வியாபாரிக்குப் புதுவயல் என்றால் ரைஸ் மில். கண்மாயையும் மழையையும் நம்பிய இந்த மண் அத்தனை மில்லுக்கும் போதுமான நெல்லை விளைவிப்பதில்லை. கிழக்கே அறந்தாங்கி, பேராவூரணி, பட்டுக்கோட்டை எனக் கல்லணைக் கால்வாய்ப் பாசனப் பகுதி விரிகிறது. அங்கிருந்தும் வேறு மாவட்டங்களிலிருந்தும் நெல் லாரியில் வந்து, இங்கே அவிந்து காய்ந்து அரிசியாகிப் போகிறது. விளைகிற இடத்துக்கும் உண்கிற இடத்துக்கும் நடுவில் உள்ள ஊர் என்பதால் பெர்மிட், லைசென்ஸ், லெவி, கொள்முதல் என அரசு நெல்லின்மீது வைத்த ஒவ்வொரு கையும் இத்தகைய மில் ஊர்களைத் தொட்டே சென்றது.

பர்மா அரிசி நின்றபோது

இவ்வட்டாரத்துக்கு அரிசி அரசியல் பர்மாவில் தொடங்கியது. செட்டிநாட்டு நகரத்தார் கீழ்ப் பர்மாவின் நெல் விவசாயத்துக்குக் கடன் கொடுத்தவர்கள். 1930களின் பெருமந்தத்தில் கடன் திரும்பாமல் நிலம் கைக்கு வந்தது. 1930இல் முக்கிய நெல் மாவட்டங்களின் நிலத்தில் 6 விழுக்காடு அவர்களிடம் இருந்தது. 1938இல் அது 25 விழுக்காடு. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியரிடம் விழுந்தது. செட்டிநாட்டுக்குச் சொத்து போயிற்று. சென்னை மாகாணத்துக்கு, தான் நம்பியிருந்த இறக்குமதி அரிசி நின்றது.

அதற்கு ஓராண்டு முன்பே, 1941இல், போர்த் தளவாடக் கொள்முதலில் பெருகிய லஞ்சத்தை விசாரிக்க இந்திய அரசு சிறப்புக் காவல் அமைப்பு ஒன்றை உருவாக்கியிருந்தது. 1946இல் அதற்குத் தனிச் சட்டம் வந்தது. 1963இல் அதுவே மத்தியப் புலனாய்வுத் துறை ஆயிற்று. 1947 மார்ச்சில், விடுதலைக்கு முன்பே, முதல் ஊழல் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. காண்டிராக்ட் விடுபவரும் சரக்கு வாங்குபவரும் அரசே என்றான பிறகு இந்தச் சட்டங்கள் தேவைப்பட்டன என்பதைக் கவனிக்க வேண்டும்.

போர்க்கால உணவுக் கட்டுப்பாடு இதையே கிராமத்துக்குக் கொண்டுவந்தது. வீட்டுத் தேவை போக மிஞ்சும் நெல்லை அரசிடம் ஒப்படைக்க வேண்டும். மிச்சம் எவ்வளவு என்று எழுதுபவர் கணக்குப்பிள்ளை. ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு அரிசி கொண்டுபோகப் பெர்மிட் வேண்டும். தஞ்சை மாவட்டத்தில் நெல் கிடக்க, பக்கத்து வறண்ட தாலுகாக்கள் ரேஷனில் வாழ்ந்த காலம் அது. கள்ளச்சந்தை என்ற சொல் தமிழர் வீடுகளில் புழக்கத்துக்கு வந்ததும் அப்போதுதான். உபரியைக் குறைத்து எழுதவும் சோதனைச் சாவடியில் மூட்டையைப் பார்க்காமல் இருக்கவும் தனித்தனி விலை உருவாயிற்று.

1952 ஜூனில் முதலமைச்சர் ராஜாஜி இந்தக் கட்டுப்பாட்டை எடுத்தார். காங்கிரசுக்குள்ளேயே பலர் அஞ்சினர். விலை எகிறும் என்றனர். இந்த முடிவை உணவுக் கொள்கையாகவே எல்லோரும் படிக்கிறார்கள். என் பார்வையில் அது தமிழ்நாடு கண்ட மிகப் பெரிய ஊழல் தடுப்பு நடவடிக்கையும்கூட. யாரையும் கைது செய்யாமல், பெர்மிட்டை இல்லாமலாக்கி, பெர்மிட்டுக்கான லஞ்சத்தை இல்லாமலாக்கினார்கள். இந்த வழி எப்போதும் செல்லுபடியாகாது. மழை பொய்த்த ஆண்டுகளில் சந்தை ஏழையைக் கைவிட்டது; 1967 தேர்தலில் அரிசித் தட்டுப்பாடு ஆட்சியையே மாற்றியது. அரசு மறுபடி நெல் வாங்க வேண்டியதாயிற்று.

சட்டங்கள் வளர்ந்த வரிசை

1958இல் வந்த மத்திய அரிசி ஆலைச் சட்டப்படி மில் தொடங்கவும் நடத்தவும் உரிமம் வேண்டும். உள்துறை அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி, ஊழல் தடுப்புக்கு வழி கேட்டு 1962இல் ஒரு குழு அமைத்தார். அதன் தலைவர், சென்னை மாகாணத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குச் சென்ற கே. சந்தானம். 1964இல் வந்த அவருடைய அறிக்கையில் இன்றும் பழசாகாத பகுதி ஒன்று உண்டு. தவறான சலுகைக்காகத் தரப்படும் பணத்தைவிட, உரிய காரியமே தாமதமின்றி நடக்கத் தரப்படும் பணம் பரவலானது என்று அது சுட்டியது. கோப்பு நகரக் காசு. அக்குழுவின் பரிந்துரையால் மத்திய விழிப்புப் பணி ஆணையம் 1964இல் அமைந்தது. அதே ஆண்டு சென்னை மாநிலத்தில் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககம், அதாவது லஞ்ச ஒழிப்புத் துறை, தொடங்கியது. மறுஆண்டு பொங்கலன்று இந்திய உணவுக் கழகம் பிறந்தது. அன்று அதன் தலைமையகம் சென்னையில், முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில். லஞ்சத்தைப் பிடிக்கும் அலுவலகமும் நெல்லை வாங்கும் அலுவலகமும் ஏறக்குறைய ஒரே பருவத்தில் நட்டவை.

தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் 1972இல் வந்தது. அமைச்சர்களையும் சேர்த்து விசாரிக்க வகைசெய்த மாநிலச் சட்டம் ஒன்று 1973இல் நிறைவேறி, 1977இல் நீக்கப்பட்டது. இடையில் 1976இல், மாநில ஆட்சிமீதான ஊழல் புகார்களை விசாரிக்கச் சர்க்காரியா ஆணையம். இவை பெரிய மேடைகள், பலரும் எழுதியவை. மூட்டையின் பாதையில் அதிகம் கணக்கில் வர வேண்டியது 1980 நவம்பர். எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஒரே அவசரச் சட்டத்தில் ஒழித்துக் கிராம நிர்வாக அலுவலர்களை நியமித்தது; 1982இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. அடங்கல் என்னும் சாகுபடிப் பதிவேடு ஒரு குடும்பத்தின் சொத்தாக இருந்த நிலை முடிந்தது. கையெழுத்தின் தேவை முடியவில்லை. இன்றும் கொள்முதல் நிலையத்தில் நெல் போட, இத்தனை ஏக்கரில் இன்ன பயிர் என்று வி.ஏ.ஓ. சான்று தர வேண்டும்.

மில் ஊருக்கு நிம்மதி தந்தவை வேறு இரண்டு. 1958 உரிமச் சட்டம் 1997இல் ரத்தாயிற்று. அரைத்த அரிசியில் ஒரு பங்கை அரசு விலைக்குக் கொடுக்கும் லெவி முறை 2015 அக்டோபரோடு நாடு முழுவதும் நின்றது. ஆய்வாளர் வருகை, இருப்புப் பதிவேடு, விடுவிப்புச் சான்று என்று மில்காரர் சுமந்த ஒரு பெரிய அடுக்கே கழன்றது. தமிழ்நாடு 1997இல் இயற்றிய தகவல் உரிமைச் சட்டம் இந்திய மாநிலங்களில் முதலாவது என்பதையும் சொல்ல வேண்டும். விலக்குகள் மலிந்த அந்தச் சட்டம் உழவருக்குப் பயன்பட்டதாகச் சொல்ல முடியாது.

அளக்கும் இடம்

மேலே அடைத்த வாசல்களின் லஞ்சம் எங்கே போயிற்று? நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் அரை நாள் நின்றால் விடை தெரியும். 2002 முதல் மத்தியத் தொகுப்புக்கான நெல்லை மாநில அரசே வாங்கி, அரைத்து, ரேஷனுக்கு அனுப்புகிறது. அங்கே வேலை பார்ப்பவர்கள் பருவகாலப் பட்டியல் எழுத்தர், உதவுபவர், காவலர், மூட்டைக் கணக்கில் கூலி பெறும் சுமைப்பணியாளர்கள். நெல் நான்கு சோதனைகளைத் தாண்ட வேண்டும்: வரிசை, ஈரப்பதம், தூற்றல், எடை. ஈரப்பதத்துக்கு வழக்கமான வரம்பு 17 விழுக்காடு. ஐப்பசி மழையில் அறுத்த குறுவை அந்த வரம்புக்குள் வருவது அரிது. ஆண்டுதோறும் டெல்லிக்குக் கடிதம் போய்த் தளர்வு கேட்க வேண்டியிருக்கிறது. தளர்வு வரும்வரை மூட்டைக்காரரின் தலைவிதி கருவியைப் பிடித்தவர் கையில். சாக்கு இல்லை, லாரி வரவில்லை, குடோன் நிரம்பிவிட்டது என்பவை மற்ற ஆயுதங்கள். பல நேரம் இவை உண்மையும்கூட, அதுதான் சிக்கல். உண்மையான தாமதத்தையும் செய்த தாமதத்தையும் வெளியிலிருந்து பிரித்தறிய வழி இல்லை.

விவசாயச் சங்கங்கள் ஆண்டுதோறும் சொல்லும் தொகை, 40 கிலோ மூட்டைக்கு 40 ரூபாய்க்கு முன்பின். ஏக்கருக்கு 60 மூட்டை என்று வைத்தால் 2,400 ரூபாய். 2025–26 பருவத்துக்கு மாநில ஊக்கத்தொகை சேர்த்துச் சன்ன ரகம் குவிண்டால் 2,545 ரூபாய். அதாவது மூட்டை 1,018 ரூபாய். ஆக, நூற்றுக்கு நான்கு போகிறது. எடையில் கூடுதலாக ஒரு கிலோ இழுத்தால் அது மேலும் 25 ரூபாய்.

ஏன் சரியாக நாற்பது, ஏன் நூறு இல்லை? இந்தக் கேள்விக்கு விடை புதுவயல் போன்ற மில் ஊரில்தான் கிடைக்கும் என்று நினைக்கிறேன். வியாபாரி வயலுக்கே வந்து, ஈரத்தோடு, கைக்காசு கொடுத்து நெல்லை எடுப்பார், விலை குறைவு. அரசு விலைக்கும் வியாபாரி விலைக்கும் உள்ள இடைவெளியே நிலையத்தில் கேட்கும் பணத்துக்கு உச்சவரம்பு. அந்த இடைவெளியைவிட அதிகம் கேட்டால் உழவர் மில்லுக்கு ஓட்டிவிடுவார். நல்ல விலை போகும் ரகங்களை விளைவிப்போர் நிலையத்துப் பக்கமே வருவதில்லை. இடைவெளி விரிந்த ஆண்டில் வியாபாரிகளே உழவர் பெயரில் நெல்லைக் கொண்டுவந்து வரிசையில் நிற்கிறார்கள். அவர்கள் பணம் கொடுக்கத் தயங்குவதில்லை, ஏனென்றால் அவர்களுக்கு அது வியாபாரச் செலவு. உண்மையான உழவர் வரிசையின் பின்னால் போகிறார். லஞ்சம் தனி மனித ஒழுக்கக் கேடு என்று மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்தக் கணக்குப் புலப்படாது.

தண்டனைச் சட்டம் இங்கே ஏன் தடுமாறுகிறது என்பதற்கும் காரணம் உண்டு. லஞ்ச ஒழிப்புத் துறையின் முதன்மை ஆயுதம் பொறிவைத்தல்: பினாப்தலின் தடவிய நோட்டு, வாங்கிய விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் இளஞ்சிவப்பு. பட்டா மாறுதலுக்கு ஒரே ஒருவர் ஒரே ஒருமுறை கேட்கும் ஆயிரங்களுக்கு இது பொருந்தும். நிலையத்தில் வாங்குவது பெரும்பாலும் அரசு ஊழியரின் கை இல்லை. சுமைக்கூலி என்ற பெயரில் வேறொருவர் வசூலிக்கிறார். புகார் கொடுத்தவரின் நெல் களத்தில் கிடக்கிறது. மழை வழக்குக்காகக் காத்திருக்காது. 1988 ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தம் கொடுப்பவரையும் குற்றவாளி ஆக்கியது. கட்டாயத்தால் கொடுத்தவர் 7 நாளுக்குள் காவல்துறையிடமோ விசாரணை அமைப்பிடமோ தெரிவித்தால் தப்பலாம். உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2022 டிசம்பரில், புகார்தாரர் இறந்தாலும் பிறழ் சாட்சியானாலும் சூழ்நிலைச் சான்றுகளால் லஞ்சக் கோரிக்கையை நிறுவலாம் என்றது. வழக்குமன்றத்துக்கு இது பெரிய முன்னேற்றம். களத்துக்கு வந்து சேரவில்லை.

தஞ்சையும் சிவகங்கையும் அடங்கும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, 2020இல் கொள்முதல் நிலைய லஞ்சத்தை மிகக் கடுமையான சொற்களில் கண்டித்தது. தமிழ்நாட்டின் லோக் ஆயுக்தா சட்டம் 2018இல்தான், அதுவும் உச்ச நீதிமன்றத்தின் நெருக்கடிக்குப் பிறகு வந்தது; மகாராஷ்டிரம் 1971இலேயே இயற்றிவிட்டது. இந்த 47 ஆண்டுத் தாமதத்துக்கு இரு பெரிய திராவிடக் கட்சிகளும் பொறுப்பு. ஆனால் லோக் ஆயுக்தா முன்பே வந்திருந்தாலும் ஈரப்பதக் கருவியின் அருகில் நின்றிருக்குமா என்பது ஐயமே.

பயன் தந்தவை எளிய மாற்றங்கள். பணம் வங்கிக் கணக்குக்கு நேராகப் போவதால் பட்டுவாடாவில் பிடிக்கும் வழக்கம் போயிற்று. இணையவழி முன்பதிவும் விரல்ரேகையும் வியாபாரி நெல்லை ஓரளவு தடுத்தன. மூட்டைக்கு 3 ரூபாய் 25 காசாக இருந்த சுமைக்கூலியை அரசு 10 ரூபாயாக உயர்த்தியது. சட்டப்படியான கூலி வயிற்றை நிரப்பாத இடத்தில் உழவரிடம் கேட்பது வழக்கமாகிவிடும் என்பதை ஒப்புக்கொண்ட முடிவு அது. ரேஷன் முனையில் 2017இல் மின்னணு அட்டையும் 2020இல் விரல்ரேகைக் கருவியும் போலி அட்டைக்கு இடத்தைச் சுருக்கின. இவை ஒவ்வொன்றும் ஒருவர் கையிலிருந்த முடிவைப் பறித்துவிட்டன. பறிபோன முடிவு வேறொரு கைக்கு நகர்ந்தது என்பதும் உண்மை. இப்போது அது நிற்கும் இடம் ஈரப்பதக் கருவியும் தராசும்.

எனவே கேட்க வேண்டியதும் அங்கேதான். ஈரப்பத அளவும் எடையும் கையால் எழுதப்படாமல், கருவியிலிருந்தே சீட்டாக அச்சாகி உழவர் கைக்கு வரட்டும். வரிசை எண்ணும் சாக்கு இருப்பும் அன்றன்று பலகையில் ஏறட்டும். இத்துடன், லஞ்சம் கொடுக்க நேர்ந்தவர் 7 நாளுக்குள் புகார் செய்தால் குற்றவாளி ஆகமாட்டார் என்ற விதியையும் லஞ்ச ஒழிப்புத் துறையின் தொலைபேசி எண்ணையும் ஒவ்வொரு கொள்முதல் நிலையத்தின் வாசலிலும் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும்.