நோக்கியா இரண்டு முறை கொடுத்தது

ஒரு செல்போன் கம்பெனி தன் சாப்ட்வேரைப் போட்டிக் கம்பெனிக்கும் கொடுக்குமா? நோக்கியா கொடுத்தது, இரண்டு முறை.

முதல் முறை 2000-களின் தொடக்கத்தில். சீரிஸ் 60 சாப்ட்வேருக்கு சீமென்ஸ், சாம்சங் கம்பெனிகளும் லைசென்ஸ் வாங்கின. அப்போது செல்போன் விற்பனையில் நோக்கியாதான் உலகின் முதலிடம். 2006-ல் நம் ஸ்ரீபெரும்புதூரிலும் ஆலை வந்தது.

பிறகு கூகுளின் ஆண்ட்ராய்டு சந்தையைப் பிடித்தது. 2014 ஏப்ரலில் நோக்கியா போன் தொழிலையே மைக்ரோசாப்டுக்கு விற்றது. வரி வழக்கால் ஸ்ரீபெரும்புதூர் ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை.

அதே ஆண்டு அக்டோபரில் இரண்டாம் முறை. நோக்கியாவின் 'ஹியர்' மேப், பழைய போட்டியாளர் சாம்சங்கின் கேலக்ஸி போன்களுக்குப் போனது. நவம்பர் 1-ல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தி நின்றது.

சாப்ட்வேர் யார் போனிலும் பிழைத்துக்கொள்ளும். போனை நம்பி வேலைக்குப் போனவர்களுக்கு அந்த வசதி இல்லை. லாபக் கணக்கில் இதையும் எழுத வேண்டாமா?