ஆயாவின் 48 விநாடி: பிரதி எடுத்தவர்களின் கதை

இன்னைக்கு எபிசோட் எங்க அம்மாவோட போன்ல இருந்து தொடங்குது.

எங்க ஊர் கடத்தூர், தருமபுரி மாவட்டம். போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தப்ப அம்மா போனை நீட்டி, "டேய், ஆயா களி கிண்டற வீடியோ இருந்துச்சே, அதைப் போடு"ன்னாங்க. ஆயா தவறி அப்போ ஒரு வருஷம் ஆகியிருந்தது. மொத்தம் 48 விநாடிதான். அடுப்பு முன்னாடி உட்கார்ந்து, துடுப்பால ராகிக் களியைக் கிண்டிக்கிட்டே, "படம் புடிச்சது போதும், வந்து தட்டை எடு"ன்னு திட்டுவாங்க. அதோட வீடியோ முடிஞ்சிடும். ஆயாவோட குரல் பதிவாகி இருந்தது அந்த ஒண்ணுல மட்டும்தான்.

கேலரியில் தேடினேன், இல்லை. சரி, கிளவுட்ல இருக்கும்னு நிதானமா அதைத் திறந்தேன். அங்கேயும் இல்லை. அப்புறம் விசாரிச்சா, மூணு மாசத்துக்கு முன்னாடி போன்ல இடம் நிறைஞ்சுடுச்சுன்னு தங்கச்சி பெரிய வீடியோக்களை எல்லாம் அழிச்சிருக்கா. "அதான் கிளவுட்ல ஏறிடுச்சே அண்ணா"ன்னு சொன்னா. ஏறினது உண்மைதான். ஆனா போனும் கிளவுடும் சிங்க்ல இருந்தது. இங்கே அழிச்சது அங்கேயும் அழிஞ்சுது. டிராஷ்ல கொஞ்ச நாள் கிடந்திருக்கும். அந்தக் கெடுவும் எப்பவோ முடிஞ்சு போச்சு.

கடைசியில் அது திருப்பூர்ல இருக்கிற சித்தப்பா பையன் போன்ல கிடைச்சது. எப்பவோ வாட்ஸ்அப்ல அனுப்பியிருந்தோம். படம் மங்கல். குரல் மட்டும் நல்லா கேட்குது.

அன்னைக்கு ராத்திரி எனக்கு ஒரு கேள்வி வந்தது. ஒரு மனுஷனோட ஞாபகத்தைக் காலம் கடந்து காப்பாத்துறது எது? உறுதியான பொருளா, பாதுகாப்பான இடமா, இல்ல வேற ஏதாவதா? நம்ம ஊர் வரலாறு இதுக்கு நிறைய பதில் வச்சிருக்கு.

முதல்ல கல். தருமபுரி மாவட்டம் நடுகற்களுக்குப் பேர் போனது. ஆநிரை கவர்ந்துபோன கூட்டத்தோடு மோதியோ, ஊரைக் காக்கும் சண்டையிலோ இறந்துபோன வீரனுக்காக ஊர்க்காரர்கள் நட்ட கல். எந்த அரசன் ஆட்சியின் எத்தனையாவது ஆண்டு, யார், எப்படி இறந்தான் என்பதை அதில் வெட்டி வைத்தார்கள். பக்கத்துச் செங்கம் வட்டாரத்தில் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் காலம், அதாவது 7ஆம் நூற்றாண்டு. கருந்தேவக்கத்தி என்ற வீரன் கள்வரோடு மோதி இறந்திருக்கிறான். அவனோடு இருந்த நாயையும் அந்தக் கல்லில் செதுக்கி, அதன் பெயர் கோவிவன் என்று எழுதியும் வைத்திருக்கிறார்கள். 1,400 வருஷம் தாண்டி ஒரு நாயோட பேர் நமக்குத் தெரியுது.

அப்போ கல்தான் பதிலா? முழுசா இல்லை. அந்தக் கற்களில் பல வட்டெழுத்தில் எழுதப்பட்டவை. எழுத்து வழக்கொழிந்ததும், எதிரே நின்று கும்பிட்டவர்களுக்கே அதைப் படிக்கத் தெரியாமல் போனது. நம்ம பக்கத்துல பல நடுகற்களை வேடியப்பன்னு சாமியா கும்பிடுறாங்க. பொங்கல் வைக்கிறாங்க, ஆனா கல்லுல இருக்கிற மனுஷனோட பேர் தெரியாது. 1970களில் நாகசாமி தலைமையிலான தமிழ்நாடு தொல்லியல் துறை ஊர் ஊராகத் தேடி, மைப்படி எடுத்து, படித்து, அச்சிட்ட பிறகுதான் அந்தப் பெயர்கள் திரும்பி வந்தன. மைப்படி என்றால் கல்லின் மேல் ஈரத் தாளை ஒற்றி, மை தடவி எடுக்கும் நகல். கல்லையும் கடைசியில் ஒரு பிரதிதான் காப்பாத்துச்சு. வீட்டுல பழைய கல்யாண சிடி வச்சிருக்கிறவங்களுக்கு இது புரியும். தட்டு பத்திரமா இருக்கு. போட்டுப் பார்க்கத்தான் டிரைவ் இல்லை.

அடுத்து பனையோலை. நம்ம வெயிலுக்கும் ஈரத்துக்கும் செல்லுக்கும் முன்னாடி ஓர் ஓலை சில நூறு வருஷம் தாங்கினாலே அதிகம். ஆனா புறநானூறு சுமார் 2,000 வருஷம் கடந்து வந்திருக்கு. எப்படி? ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருத்தர் உட்கார்ந்து, எழுத்தாணி பிடித்துப் புது ஓலையில் பிரதி எடுத்தார். உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது கையில் இருந்தது ஒரே ஏடு இல்லை. பல ஊர்களில் தேடிச் சேர்த்த பிரதிகள். ஓர் ஏட்டில் செல்லரித்த வரி இன்னோர் ஏட்டில் பிழைத்திருந்தது. எங்க ஆயா வீடியோ திருப்பூர்ல பிழைச்சிருந்த மாதிரி.

பிரதி எடுப்பது நின்றுபோன இடங்களில் நடந்ததையும் அவரே எழுதியிருக்கிறார். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த சுவடிகளைத் தேடிப் போகிறார். பழுதுபட்ட ஏடுகளை ஆகம முறைப்படி நெய்யில் தோய்த்து ஹோமத் தீயில் இட்டுவிட்டோம் என்று பதில் வருகிறது. ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடப்பட்ட ஏடுகள் பற்றியும் சொல்கிறார். கவனிச்சீங்களா? யாரும் கெட்ட எண்ணத்துல செய்யல. பழசைப் பக்தியோட வழியனுப்பி வச்சாங்க. அதுக்கு வேற பிரதி இருக்கான்னு மட்டும் யாரும் பார்க்கல. என் தங்கச்சி செஞ்சதும் இதேதான்.

சரி, எல்லாத்தையும் ஒரே நல்ல கட்டடத்துல சேர்த்து வச்சா? 1981 மே 31 இரவு. யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீ வைக்கப்படுகிறது. விடிந்தால் ஜூன் 1. சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பல். அச்சுப் புத்தகங்களில் பலவற்றுக்கு வேறு ஊர்களில் பிரதி இருந்தது. கையெழுத்துப் படிகளில் வேறெங்கும் இல்லாதவை அன்றோடு முடிந்தன. அந்த வலி தெரிந்தவர்கள்தான் பிறகு எண்ணிமத்துக்கு வந்தார்கள். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்துப் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் ஸ்கேன் செய்து இணையத்தில் வைக்கிறது. எங்கே இருந்தாலும் தரவிறக்கிக்கலாம். அதாவது ஒரு கட்டடத்தோட விதி இனி அந்தப் புத்தகத்தோட விதி ஆகாது.

புத்தகத்துக்குச் சரி, போட்டோவுக்கு? வீட்டில் கேமரா இல்லாத காலத்தில் நமக்கு ஒரு கிளவுட் இருந்தது. அதுக்குப் பேர் ஸ்டூடியோ. கல்யாணம், காதுகுத்து, வெளியூர் வேலைக்குப் போறதுக்கு முன்னாடி எடுத்த குடும்பப் படம். பிரிண்ட் நம்ம கையில், நெகட்டிவ் ஸ்டூடியோவில். இன்னொரு காப்பி வேணும்னா போய்க் கேட்டா போட்டுத் தருவாங்க. வசதியான ஏற்பாடுதான். ஆனா முதலாளி காலமாகி, பிள்ளைகள் வேற தொழிலுக்குப் போனதும் கடையைக் காலி பண்ணணும். பழைய கறுப்பு வெள்ளை நெகட்டிவில் வெள்ளி உண்டு. அதை எடுக்கறதுக்காகவே எடைக்குப் போட்ட கதைகள் ஏராளம். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவின் விளிம்பில் உள்ள ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு, தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழைய படங்களைத் தேடி எண்ணிமமாக்கினார்கள். மிஞ்சினது மிச்சம்னு சொல்லலாம்.

இப்போ நம்ம காலம். 2004இல் ஆர்குட் வந்தது. நம்மில் பலரோட அண்ணன், அக்காவோட கல்லூரிப் படங்கள் அங்கேதான் இருந்தன. 2014 செப்டம்பர் 30 அன்று மூடினார்கள். படங்களை எடுத்துக்கொள்ள 2016 வரை அவகாசம் இருந்தது. நினைவு வச்சு எடுத்தவங்களுக்குக் கிடைச்சது. 2015 மே மாதம் கூகுள் போட்டோஸ் வந்தது. கொஞ்சம் சுருக்கிய தரத்தில் எவ்வளவு வேணும்னாலும் ஏத்திக்கலாம், இலவசம். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிய, கிராமத்துப் போன்களும் மேலே ஏற ஆரம்பித்தன. 2021 ஜூன் 1 முதல் அந்த இலவசம் நின்றது. அதன்பின் ஏறுவதெல்லாம் மெயிலோடு சேர்த்து 15 ஜிபி கணக்கில் வரும். தாண்டினா மாச வாடகை. 2023 டிசம்பர் முதல், இரண்டு வருஷம் தொடாத தனிநபர் கணக்குகளை அழிக்கவும் தொடங்கினார்கள். இறந்துபோன ஒருத்தரோட கணக்கை யார் தொடுவாங்க? யோசிச்சுப் பாருங்க.

இன்னொரு பக்கமும் சொல்லணும். பெரிய கிளவுட் நிறுவனங்கள் நம்ம படத்தைப் பல இயந்திரங்களில் பிரதி எடுத்து வைக்கின்றன. ஒரு டிஸ்க் கெட்டால் நமக்குத் தெரியக்கூடத் தெரியாது. வீட்டு அலமாரியை விட அது எவ்வளவோ மேல். ஆனால் எல்லாக் கிளவுடும் அப்படி இல்லை. 2025 செப்டம்பர் 26, தென் கொரியாவின் டேஜான் நகரத்தில் அரசின் தரவு மையத்தில் தீ. அரசு ஊழியர்கள் கோப்புகளைத் தங்கள் கணினியில் வைக்காமல் ஜி-டிரைவ் என்ற அரசுக் கிளவுடில் வைக்கும்படி சொல்லப்பட்டிருந்தார்கள். 858 டெராபைட் போச்சு. அளவு ரொம்பப் பெரிசுன்னு வெளியே வேற பிரதி வைக்கல. 2025லும் ஒரே கட்டடம்.

இதையெல்லாம் வரிசையா வச்சுப் பார்த்தா எனக்குப் புரியறது ஒண்ணுதான். நம்ம ஆளுங்க எதையும் ஓர் இடத்தில் வைத்துக் காப்பாற்றவில்லை. திரும்பத் திரும்பப் பிரதி எடுத்துக் காப்பாற்றினார்கள். காப்பது ஒரு வேலை. தலைமுறைக்கு ஒருத்தராவது அதைச் செய்யணும். கிளவுட் வந்ததும் அந்த வேலையே முடிஞ்சு போச்சுன்னு நாம நினைச்சுட்டோம்.

பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பிரபலமாக்கிய 3-2-1 என்ற கணக்கு ஒன்று உண்டு. மூன்று பிரதி, இரண்டு வகைப் பொருளில், ஒன்று வேறோர் இடத்தில். உ.வே.சா.வுக்கு இதைச் சொல்லியிருந்தா சிரிச்சிருப்பார்னு நினைக்கிறேன். ஊர் ஊராகப் பிரதி தேடி அலைந்தவர் அவர்.

நாங்க என்ன செஞ்சோம்னு சொல்றேன். ஆயா வீடியோ இப்போ ஒரு கிளவுட்ல இருக்கு. கடத்தூர் வீட்டு பீரோவில் ஒரு ஹார்டு டிஸ்க்கில் இருக்கு. திருப்பூர்ல தம்பி போன்லயும் இருக்கு. இந்த முறை வாட்ஸ்அப்ல வீடியோவா அனுப்பாம டாக்குமென்ட்டா அனுப்பினோம், மேற்கொண்டு தரம் குறையாது. கோப்புக்குப் பேர் வெறும் எண்ணா இல்லாம, ஆயாவோட முழுப் பெயர், ஊர், வருஷம், எடுத்தது யாருன்னு எழுதினோம். நடுகல்லில் அதைத்தானே வெட்டினாங்க. போன்ல எதை அழிக்கிறதா இருந்தாலும் இனி முதலில் சிங்க் எப்படி இருக்குன்னு பார்ப்போம். வருஷா வருஷம் பொங்கலுக்கு ஹார்டு டிஸ்க்கை எடுத்துத் திறந்து பார்க்கிறது தங்கச்சி பொறுப்பு. அவளே கேட்டு வாங்கிக்கிட்டா.

அம்மாவோட கணக்குக்கு ஒரு வாரிசையும் போட்டாச்சு. கூகுளில் செயலற்ற கணக்குக்கான அந்த வசதி 2013லேயே இருக்கு, ஆப்பிளில் 2021 கடைசியில் வந்தது. பேங்க்குல நாமினி போடுற மாதிரிதான், பத்து நிமிஷ வேலை. அம்மா கேட்டாங்க, "நான் இருக்கும்போதே எதுக்குடா இதெல்லாம்?" நீங்க இருக்கும்போதுதாம்மா பாஸ்வேர்டு தெரியும்னேன். திட்டு விழுந்தது. அதை நான் வீடியோ எடுத்து வச்சிருக்கேன்.

இன்னைக்கு ராத்திரி உங்க போனைத் திறந்து, ஒரே ஒரு பிரதியா மட்டும் இருக்கிற ஒரு குரலைத் தேடிப் பாருங்க. அதை யாருக்காவது அனுப்பிட்டுத் தூங்குங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.