முதல் கதவும் இரண்டாம் கதவும்: நம் நாட்டில் நடந்த பிரைமரி தேர்தல்



அமெரிக்காவில் அதிபர் தேர்தல் வரும் ஆண்டுகளில், அங்கே வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் தவறாமல் ஒரு கேள்வி கேட்கிறார்கள். "சார், தேர்தல் நவம்பரில்தானே? வருடத் தொடக்கத்திலேயே ஓட்டுப் போடுகிறார்களே, அது என்ன? அதிலும் சிலருக்கு ஓட்டு இல்லை என்கிறார்களே?" இது நம் நாட்டு வரலாற்றையும் தொடுகிற கேள்வி என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

அங்கே நவம்பர் தேர்தலுக்கு முன், ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளர் யார் என்பதை மக்கள் ஓட்டைக் கொண்டு முடிவு செய்கிறது. அதற்குப் பெயர்தான் பிரைமரி. யார் அதில் ஓட்டுப் போடலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நியூயார்க்கில் ஒரு கட்சியின் பிரைமரியில் ஓட்டுப் போட வேண்டுமானால், அந்தக் கட்சிக்காரர் என்று முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். டெக்சாஸில் அப்படிப் பதிவே கிடையாது. வாக்காளர் யாரும் ஏதாவது ஒரு கட்சியின் பிரைமரியைத் தேர்ந்துகொள்ளலாம். சில மாநிலங்களில், நவம்பருக்குள் 18 வயது நிரம்பும் என்றால் 17 வயதிலேயே பிரைமரியில் ஓட்டு உண்டு. போர்ட்டோ ரிக்கோ தீவில் வசிப்பவர்கள் அமெரிக்கக் குடிமக்கள். அவர்களுக்குப் பிரைமரியில் ஓட்டு உண்டு, நவம்பரில் அதிபர் தேர்தலில் இல்லை!

ஆக அங்கே இரண்டு கதவுகள். முதல் கதவில் நுழையத் தகுதி வேறு, இரண்டாம் கதவில் நுழையத் தகுதி வேறு.

இப்படி இரண்டு கதவு வைத்த தேர்தல் நம் சென்னை மாகாணத்திலும் நடந்திருக்கிறது. பாடப்புத்தகத்தில் பூனா ஒப்பந்தம் என்று இரண்டு மதிப்பெண் கேள்வியாகப் படித்திருப்பீர்கள். அதன் உள்ளே இருப்பதுதான் இந்தச் செய்தி.

1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரதமர் ராம்சே மக்டொனால்டு வகுப்புவாரித் தீர்ப்பை வெளியிட்டார். அன்று 'தாழ்த்தப்பட்ட வகுப்பினர்' என்று அழைக்கப்பட்ட மக்களுக்கு அதில் தனித்தொகுதி தரப்பட்டது. அவர்கள் பிரதிநிதியை அவர்களே தேர்ந்தெடுக்கலாம். வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரும், நம் இரட்டைமலை சீனிவாசனும் போராடிக் கேட்டதன் பலன் அது. இது இந்து சமூகத்தைப் பிளக்கும் என்று காந்தியடிகள் எரவாடா சிறையில் செப்டம்பர் 20 அன்று சாகும்வரை உண்ணாவிரதம் தொடங்கினார். பேச்சுவார்த்தை நடந்து, செப்டம்பர் 24 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. பேசி முடித்தவர்களில் ஒருவர் நம் ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி. கையெழுத்தான பின் அவரும் அம்பேத்கரும் பேனாக்களை மாற்றிக்கொண்டார்களாம்.

ஒப்பந்தப்படி தனித்தொகுதி போனது. பதிலாக மாகாண சபைகளில் 148 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அதில் 30 சென்னை மாகாணத்துக்கு. அந்த இடங்களுக்குத் தேர்தல் இரண்டு கட்டம். முதல் கட்டத்தில், தாழ்த்தப்பட்ட வகுப்பு வாக்காளர்கள் மட்டும் ஆளுக்கு ஓர் ஓட்டுப் போடுவார்கள். அதிக ஓட்டு வாங்கிய நான்கு பேர் மட்டுமே அடுத்த கட்டத்துக்குப் போகலாம். இரண்டாம் கட்டத்தில் அந்த நால்வரில் ஒருவரை, தொகுதியின் பொது வாக்காளர்கள் எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பார்கள். முதல் கட்டத்துக்கு ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்த பெயர் 'பிரைமரி தேர்தல்' என்பதுதான். பத்து ஆண்டுகளுக்கு மட்டும் என்று அதற்குக் கெடுவும் வைத்தார்கள்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள், வகுப்பில் கரும்பலகையில் போடுவது போல. ஒரு தொகுதியில் 1000 வாக்காளர்கள், அதில் 150 பேர் ஆதிதிராவிடர் என்று வையுங்கள். முதல் கட்டத்தில் அந்த 150 பேரில் 100 பேர் ஒருவருக்குப் போடுகிறார்கள். நான்காவதாக வந்தவருக்கு 10 ஓட்டு. இரண்டாம் கட்டத்தில் மீதி 850 பேரும் அந்த நான்காமவரை விரும்பினால் வெற்றி அவருக்கே. சொந்த மக்கள் 150 பேரும் சேர்ந்து நின்றாலும் மாற்ற முடியாது. இதைத்தான் அம்பேத்கர் தொடர்ந்து சொன்னார்.

1937 தேர்தல் இந்த முறையில் நடந்தது. சொத்து, வரி, படிப்பு பார்த்துத்தான் ஓட்டு என்பதால், நாட்டில் ஏறத்தாழ ஏழில் ஒருவருக்கே வாக்குரிமை. அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்த நம் ஓசூர், கிருஷ்ணகிரி ஊர்களிலும் அதே நிலைதான். சென்னை சபையின் 215 இடங்களில் 159 இடங்களைக் காங்கிரஸ் வென்றது, ராஜாஜி பிரதமரானார். 1945-46 தேர்தலில் மறுபடியும் அதே முறை. அம்பேத்கரின் கட்சியான பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு முதல் கட்டத்தில் பல இடங்களில் நன்றாகவே ஓட்டு வாங்கியது. இரண்டாம் கட்டத்தில் ஏறக்குறைய எல்லா இடங்களிலும் தோற்றது. அந்தத் தோல்வியைக் காட்டியே, பேச்சுவார்த்தைகளில் அவர் குரலுக்கு மதிப்புக் குறைந்தது.

அதே காலத்தில் அமெரிக்காவின் டெக்சாஸில் என்ன நடந்தது தெரியுமா? அங்கே கதை தலைகீழ். அன்று டெக்சாஸில் ஜனநாயகக் கட்சி நிறுத்தினால் வெற்றி உறுதி. ஆகவே உண்மையான தேர்தல் பிரைமரிதான். கறுப்பின மக்கள் அதில் ஓட்டுப் போடக் கூடாது என்று 1923இல் சட்டமே போட்டார்கள். நீதிமன்றம் 1927இல் அதை ரத்து செய்தது. "கட்சி என்பது தனியார் சங்கம், யாரைச் சேர்ப்பது என்பது எங்கள் விருப்பம்" என்று சொல்லிக் கட்சி வழியாக அதே தடையைத் தொடர்ந்தார்கள். ஹூஸ்டனைச் சேர்ந்த லானி ஸ்மித் என்ற பல் மருத்துவர் வழக்குத் தொடுத்தார். அவருக்காக வாதாடியவர்களில் ஒருவர் தர்குட் மார்ஷல், பிற்காலத்தில் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி. 1944 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. பிரைமரியும் தேர்தலின் ஒரு பகுதியே, நிறத்தைச் சொல்லி அதில் தடுக்க முடியாது என்று.

டெக்சாஸில் முதல் கதவைச் சாத்தினார்கள். இங்கே முதல் கதவைத் திறந்துவிட்டு, முடிவை இரண்டாம் கதவில் வைத்தார்கள். இரண்டு இடத்திலும் அந்த மக்கள் கையில் ஓட்டுச் சீட்டு இருந்தது, முடிவு மட்டும் அவர்கள் கையில் இல்லை.

1950இல் வந்த அரசியலமைப்பு சொத்து, படிப்பு எல்லாவற்றையும் தள்ளிவிட்டு 21 வயதானால் ஓட்டு என்றது. 1989இல் அது 18 ஆனது. இட ஒதுக்கீடு தொடர்ந்தது, முதல் கட்டத் தேர்தல் போய்விட்டது. இன்று வேட்பாளரைக் கட்சித் தலைமைதான் முடிவு செய்கிறது. நம்மிடம் வருவது முடிவான பட்டியல். அதனால் "எனக்கு ஓட்டு இருக்கிறதா" என்பதோடு, "இந்தப் பெயர்களை யார் எழுதினார்கள்" என்றும் கேட்கப் பழகுங்கள். நீங்கள் ஏதாவது கட்சியில் இருந்தால் உள்ளேயே கேளுங்கள்.

இருக்கிற கதவையும் விட்டுவிடாதீர்கள். சிப்காட் வேலைக்காக ஓசூரில் வாடகைக்கு இருப்பவர்களும், அத்திப்பள்ளி தாண்டிக் குடியேறியவர்களும் கவனியுங்கள். வழக்கமாக வசிக்கும் இடத்தில், ஒரே ஓர் இடத்தில்தான் பெயர் இருக்க வேண்டும். சொந்த ஊர், சொந்த வீடு என்ற கணக்கு அதில் கிடையாது. வீடு மாறியிருந்தால் படிவம் 8, புதிதாகச் சேர்ப்பதென்றால் படிவம் 6. பிள்ளைகளுக்கு 18 ஆகிவிட்டதா என்றும் பாருங்கள்.

சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள், தெரிந்தவரை சொல்கிறேன். அனைவரும் நலமாக இருங்கள்.