படுவான்கரை மலைகள்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, வயலுக்கும் காட்டுக்கும் நடுவில் தனித்தனியே எழுந்து நிற்கும் பாறைக் குன்றுகளும் அவற்றைச் சார்ந்த கோயில்கள், குகைகள், குளங்களும் இத்தலைப்பில் தொகுக்கப்படுகின்றன. குடும்பிமலை, குசலானமலை, தாந்தாமலை ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. பாசிக்குடா, கல்லடி, முகத்துவாரம் முதலிய கரையோர இடங்களுக்கு வருவோர் பெரும்பாலும் இவற்றைக் காணாமலே திரும்பிவிடுகின்றனர்.

பெயரும் எல்லையும்

வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. மட்டமான களப்பு, அதாவது மேடுபள்ளமின்றிப் பரந்த நீர்நிலை என்பதே மட்டக்களப்பு என்னும் பெயரின் பொருள். வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட கிழக்கு நிலம் எழுவான்கரை. ஞாயிறு எழும் பக்கம் என்பதால் அப்பெயர். எதிரே ஞாயிறு படும் பக்கம் படுவான்கரை. வழக்கில் படுவான்கரை என்பது மண்முனை, போரதீவுப் பற்றுகளின் மேற்குப் பகுதியையே குறிக்கும். இக்கட்டுரையில் அச்சொல் விரிந்த பொருளில் ஆளப்படுகிறது. கோறளைப்பற்று, ஏறாவூர்ப்பற்று ஆகியவற்றின் உட்பகுதிகளும், பழைய மட்டக்களப்பு மாவட்டத்தில் அடங்கியிருந்து 1961இல் அம்பாறை மாவட்டம் பிரிந்தபோது அப்பக்கம் போன குன்றுகளும் இதில் சேர்கின்றன.

ஊர்ப்பெயர்களே இந்நிலத்தின் முதல் வரைபடம். கல், மலை என்று முடிவன பாறையையும், மடு ஆழமான நீர்க்குழியையும், சேனை காடு வெட்டி எரித்துப் பயிரிட்ட இடத்தையும், வெளி, வெட்டை என்பன மரமற்ற திறந்த நிலத்தையும் காட்டுகின்றன. கிரானுக்கு அப்பால் புலிபாய்ந்தகல், திகிலிவெட்டை, ஊத்துச்சேனை, பேரில்லாவெளி என்று பெயர்களைக் கேட்டபடியே போனால், எங்கே தண்ணீர் கிடைக்கும், எங்கே பாறை நிற்கும் என்பது தெரிந்துவிடும். இப்பக்கத்தார் மலை என்று சொல்வது உயரத்தை வைத்து அன்று. ஒரு பனை உயரமே உள்ள வெறும் பாறையும் அவர்களுக்கு மலைதான். மத்திய மலைநாட்டின் அளவுகோலோடு இங்கு வருபவர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

நில அமைப்பு

இலங்கையின் கிழக்குத் தாழ்நிலம் விஜயன் தொகுதி எனப்படும் மிகப் பழைய உருமாறிய பாறைகளால் ஆனது. சுற்றியிருந்த மென்பாறை கோடிக்கணக்கான ஆண்டுகளாக மழையாலும் வெயிலாலும் கரைந்துபோக, கரையாத வன்பாறை எஞ்சி நிற்கிறது. புவியியலார் இவற்றை எச்சக்குன்றுகள் என்பர். ஆகவே இவை தொடராக ஓடுவதில்லை. பச்சை வயலின் நடுவே ஒன்று, காட்டின் தலைக்கு மேலே ஒன்று என ஒற்றையாக நிற்கும்.

வடிவத்தைக் கொண்டு மூன்று வகைகளாகப் பிரிக்கலாம். முதலாவது, செங்குத்தாக எழுந்து உச்சியில் முடிச்சிட்டது போன்ற தனிப்பாறை. குடும்பிமலை இவ்வகையின் சிறந்த எடுத்துக்காட்டு. இரண்டாவது, யானையின் முதுகு போல் வழவழப்பாகச் சரிந்து கிடக்கும் அகன்ற பாறை; மழைக்காலத்தில் இவற்றின் மேலுள்ள குழிகளில் நீர் தேங்கிச் சுனையாகும். மூன்றாவது, பெரும் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து இயற்கைக் குகைகளை உண்டாக்கிய குன்று. பழங்காலத்தில் மனிதர் குடியிருந்தவை பெரும்பாலும் இவையே. தாந்தாமலையில் இரண்டாம், மூன்றாம் வகைகள் கலந்திருப்பதைக் காணலாம்.

பண்டை வரலாறு

இம்மலைகளின் மிகப் பழைய எழுத்துச் சான்று, குகை வாயில்களில் வெட்டப்பட்ட பிராமிக் கல்வெட்டுகள். கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளைச் சேர்ந்த இவை பிராகிருத மொழியில் அமைந்தவை. குகையின் நெற்றியில், உள்ளே மழைநீர் வழிந்து வராதபடி ஒரு விளிம்பு செதுக்கப்பட்டிருக்கும். பாறை வழியே ஓடிவரும் நீர் அவ்விளிம்பில் தடைப்பட்டு வெளியே சொட்டிவிடும். அதன் கீழ், நனையாத இடத்தில் ஒரே வரியாக எழுத்துகள் ஓடும். இன்னாருடைய குகை, சங்கத்துக்கு அளிக்கப்பட்டது என்பதே பெரும்பாலும் அந்த வரி. மாலை வெயில் சரிவாக விழும் வேளையில் எழுத்துகளின் பள்ளத்தில் நிழல் நிறைந்து, நண்பகலில் கண்ணுக்குப் படாதவையும் தெளிவாகத் தெரியும்.

கொடையாளர் பெயர்களின் முன் வரும் பருமக என்னும் பட்டம் குறித்து அறிஞரிடையே இரு கருத்துகள் உள்ளன. அதைத் தமிழின் பெருமகன் என்னும் சொல்லோடு இணைத்துப் படிப்பது அவற்றுள் ஒன்று. இன்றைய அம்பாறை மாவட்டத்துக் குடுவில் கல்வெட்டு, தீகவாபியோடு தொடர்புடைய வணிகரைப் பற்றிச் சொல்லுமிடத்தில் தமிழரைக் குறிக்கும் தமேட என்ற சொல்லை ஆள்கிறது. அம்பாறைக்கு வடக்கே, மகா ஓயா செல்லும் வழியிலுள்ள ராஜகல மலையில், மகிந்த தேரரையும் இத்திய தேரரையும் பெயர் சொல்லிக் குறிக்கும் கல்வெட்டு கிடைத்துள்ளது. இக்குகைகளில் தவமிருந்தவர் பௌத்தத் துறவிகள். அவர்களுக்குக் குகை அளித்த ஊர்த்தலைவர்களும் வணிகர்களும் பல மரபினர். பிற்காலத்தில் அதே குகைகளின் அடியில் முருகனும் பிள்ளையாரும் கோயில் கொண்டனர். ஒரே பாறை இரு வழிபாடுகளையும் தாங்கியது என்பதே இம்மலைகள் தரும் வரலாற்றுச் செய்தி.

அடுத்த சான்று மட்டக்களப்பு மாண்மியம். ஏடுகளாக வழங்கிவந்த இந்நூலை எப். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்தார். கலிங்க நாட்டிலிருந்து வந்த உலகநாச்சி மண்முனையில் ஆட்சி புரிந்ததும், கொக்கட்டிச்சோலைக் கோயில் எழுந்ததும் இம்மரபில் பேசப்படுகின்றன. திடகன் என்னும் வேடன் காடு வெட்டும்போது கொக்கட்டி மரத்தில் குருதி வடிந்ததாகவும், அவன் அவ்விடத்தைத் துணியால் மூடிவிட்டு அரசியிடம் ஓடிச் சொன்னதாகவும், அங்கேயே தான்தோன்றீஸ்வரர் ஆலயம் அமைந்ததாகவும் கதை வழங்குகிறது. அரசியையும் வேடனையும் ஒரே நிகழ்ச்சியில் வைப்பதால், வயல் சார்ந்தோரும் காடு சார்ந்தோரும் இக்கோயிலில் உரிமை கொண்டாடியதை அது காட்டுகிறது. வி. சீ. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகம் (1964) இப்பகுதியின் வாழ்வியலையும் வழக்காறுகளையும் தொகுத்துத் தரும் நூல்.

ஐரோப்பியர் வருகை

1602 மே மாதம் ஒல்லாந்தக் கடற்தலைவர் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில் வந்திறங்கி, விந்தனை வழியாகக் கண்டிக்குச் சென்று மன்னன் முதலாம் விமலதர்மசூரியனைச் சந்தித்தார். போர்த்துக்கேயர் புளியந்தீவில் கோட்டை எழுப்பியது 1628இல். ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றியது 1638இல். கரையிலிருந்து காட்டின் ஊடாக மலைநாட்டுக்கு ஏறும் வழி, இன்று சுற்றுலாக் கையேடுகளின் முதற்பக்கத்தில் வரும் அந்தக் கோட்டையைவிடப் பழையது என்பது இதனால் விளங்கும்.

ஆங்கிலேயர் காலத்தில் குடும்பிமலைக்கு, பிரபுவின் தொப்பி எனப் பொருள்படும் பெயர் இடப்பட்டது. 1848இல் குடியேற்றச் செயலாளர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் இங்கு வந்து, நிலவொளியில் வாவி நீரிலிருந்து எழும் இசையொலியைக் கேட்டு எழுதினார். அன்று தொட்டு மட்டக்களப்பு பாடும் மீன்களின் நாடு என உலகெங்கும் அறியப்பட்டது. 1924இல் புணானைப் பக்கம் பலரைக் கொன்ற சிறுத்தை ஒன்று சுட்டு வீழ்த்தப்பட்டு, பாடம் செய்யப்பட்ட உடலாகக் கொழும்பு அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. மேற்குக் காடு அச்சத்துக்குரியது என்ற எண்ணம் இதனால் மேலும் வலுத்தது.

காணத்தக்க இடங்கள்

குடும்பிமலை: கோறளைப்பற்று தெற்குப் பிரதேசத்தில், கிரானிலிருந்து மேற்கே செல்லும் வழியில் உள்ளது. உயரம் ஐந்நூறு மீட்டருக்குச் சற்று மேல். தலையில் முடிந்த குடுமி போன்ற உச்சியால் இப்பெயர் பெற்றது. சிங்களத்தில் தொப்பிகல என வழங்குகிறது. ஒருவர் கண்ணுக்குக் குடுமியாகப் பட்டது இன்னொருவர் கண்ணுக்குத் தொப்பியாகப் பட்டிருக்கிறது. போர்க்காலத்தில் விடுதலைப் புலிகளின் தளமாயிருந்த இப்பகுதியை 2007 ஜூலையில் இராணுவம் கைப்பற்றியது. அதன் பின்னரே இம்மலையின் பெயர் நாடெங்கும் பரவியது. பாணமைக்கு அருகிலுள்ள குடும்பிகல என்னும் துறவியர் மடம் வேறு. பெயர் ஒப்புமையால் இரண்டையும் ஒன்றாக எழுதுவோர் உளர்.

குசலானமலை: செங்கலடியிலிருந்து பதுளை செல்லும் வீதியில் கரடியனாற்றுக்கு அண்மையில் உள்ளது. குன்றில் முருகன் வழிபாடும் பிராமிக் கல்வெட்டுகளும் உள்ளன. அதே வீதியில் மேலும் சென்றால் புல்லுமலையும், மாவட்ட எல்லை கடந்து மகா ஓயா வெந்நீர் ஊற்றுகளும் வரும்.

தாந்தாமலை: கொக்கட்டிச்சோலைக்குத் தென்மேற்கே, காட்டோரத்தில் அமைந்த முருகன் தலம். சின்னக் கதிர்காமம் எனப் போற்றப்படுகிறது. ஆடி மாதத் திருவிழாவுக்குப் படுவான்கரை முழுவதும் திரண்டு வரும். முன்பெல்லாம் மாட்டு வண்டி கட்டி, உலையும் அரிசியும் ஏற்றிக்கொண்டு குடும்பம் குடும்பமாக வந்து மரநிழலில் தங்குவர். பாறைச் சரிவில் ஏறி நின்றால் ஒருபுறம் குளமும் வயலும், மறுபுறம் முடிவில்லாத காடும் தெரியும்.

கொக்கட்டிச்சோலை: மலை அன்று, மலைகளுக்குச் செல்லும் வாயில். போர்த்துக்கேயர் முன்னிலையில் இங்குள்ள கல்நந்தி எழுந்து புல் தின்றதாக மக்கள் நம்புகின்றனர். வடம் பிடித்து இழுக்கும் மரத்தேர்கள் இக்கோயிலின் சிறப்பு. மண்முனைத் துறையில் பாதை எனப்படும் மிதவையில் ஏறி வாவியைக் கடந்த காலம், 2014இல் பாலம் திறக்கப்பட்டதோடு முடிந்தது.

உன்னிச்சை, உறுகாமம், வாகனேரி: மலையடிவார நீரைத் தேக்கி வயலுக்கு விடும் குளங்கள். அணைக்கட்டில் நின்றால் மேற்கே குன்றுகளின் வரிசை தெரியும். மாலையில் நீர் குடிக்க யானைகள் இறங்குவதும் உண்டு.

உகந்தைமலை: வாவிப் பகுதிக்கு வெகு தெற்கே, குமண வனத்தின் வாயிலில், கடலை ஒட்டிய பாறைகளின் மேல் அமைந்த முருகன் தலம். கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார்கள் காட்டுக்குள் நுழையுமுன் இங்கே தங்குவர்.

மக்கள்

காட்டோரத்தில் வேடர் மரபினரும், வட்டை எனப்படும் வயல்வெளிகளில் வேளாண்மை செய்வோரும், பட்டி வைத்து மாடு வளர்ப்போரும் இம்மலைகளைச் சூழ வாழ்கின்றனர். அறுவடைக் காலத்தில் எழுவான்கரையிலிருந்தும் கூலியாட்கள் வந்து வயல் வாடிகளில் தங்குவர். எருமைத் தயிர், காட்டுத்தேன், பாலைப்பழம், வீரைப்பழம் என்பன இந்நிலத்தின் கொடைகள். மண்சட்டியில் உறையவைத்த தயிரைக் கவிழ்த்தாலும் விழாது என்பது இங்குள்ளோர் பெருமையாகச் சொல்வது. மலைப் பாதைகளை நன்கறிந்தவர்கள் மாட்டுப்பட்டிக்காரரே. தவறிய மாட்டைத் தேடி அலைந்த கால்களுக்குத் தெரியாத சுனையோ குகையோ இல்லை.

இன்றைய நிலை

போர் முடிந்தபின் வீதிகள் சில திருத்தப்பட்டுள்ளன. தொல்லியல் இடங்கள் குறித்தும், மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் நிலம் குறித்தும் பிணக்குகள் தொடர்கின்றன. மேய்ச்சல் நிலம் தொடர்பாகப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் தொடர் போராட்டம் தொடங்கினர்.

பயணக் குறிப்பு

வடகீழ்ப் பருவமழை ஒக்டோபர் முதல் ஜனவரி வரை பெய்யும். அக்காலத்தில் கிரான், புலிபாய்ந்தகல் வீதியை வெள்ளம் மூடி, அப்பால் உள்ள ஊர்கள் படகையே நம்பியிருக்க நேரும். மே முதல் ஓகஸ்ட் வரை கச்சான் காற்று அனலாய் வீசும். அப்போது நண்பகலில் பாறையில் கால் வைக்க இயலாது. மாசி, பங்குனி மாதங்களே மலையேற உகந்தவை. விடிந்ததும் புறப்பட்டுப் பொழுது சாயுமுன் திரும்ப வேண்டும். அந்திக்குப் பின் வழி யானைகளுக்குரியது. காட்டுப் பகுதிகளுக்கு உரிய திணைக்களத்தின் அனுமதியும், ஊரறிந்த ஒருவரின் துணையும் தேவை. குடிநீர் கையிலிருக்க வேண்டும்.

கோயில் பாறைகளில் செருப்பின்றி ஏறுவது மரபு. கல்வெட்டு எழுத்துகள் படத்தில் தெளிவாக விழ வேண்டும் என்று அவற்றின் மேல் சுண்ணாம்போ கரியோ தேய்ப்பது பெருங்கேடு; சரிவெயில் விழும் வரை காத்திருந்தால் போதும். ஈராயிரம் ஆண்டு மழைக்குத் தப்பி நிற்கும் அவ்வெழுத்துகள், பார்க்க வருபவரின் கையால் அழியாமலிருக்கட்டும்.