உடன்பிறந்தோர் காப்பாளர் நிலை

தாய் தந்தை இருவரும் இறந்தபின், 18 வயது நிறையாத தம்பி தங்கையருக்கு மூத்த உடன்பிறந்தவர் நீதிமன்ற ஆணை பெற்றுக் காப்பாளர் ஆகும் சட்டநிலை. வழக்கில் ‘கார்டியன் ஆர்டர்’ எனப்படும். இந்தியாவில் 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம் எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவானது. இந்துக்களுக்கு 1956-ஆம் ஆண்டின் சட்டமும் சேர்ந்து பொருந்தும்.

வரலாறு: பெற்றோரற்ற சிறுவனின் சொத்தை அவன் வளரும்வரை அரசன் காக்க வேண்டும் என்கிறது மனுஸ்மிருதி. அர்த்தசாஸ்திரம் அப்பொறுப்பை ஊர்ப் பெரியோரிடம் விடுகிறது. கிழக்கிந்தியக் கம்பெனி இதைக் கையிலெடுத்ததற்குக் காரணம் நிலவரி. ஜமீன் சிறுவன் கையில் சிக்கினால் பேஷ்குஷ் எனும் ஜமீன் வரி நின்றுவிடும் என்ற கவலையால் வங்காளத்தில் 1793-லும் சென்னை மாகாணத்தில் 1804-லும் ‘கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்’ ஏற்பட்டது. மைனர் ஜமீன்தாரின் சொத்து, கடன், படிப்பு அனைத்தும் அதன் மேற்பார்வைக்குள் வந்தன. சென்னைத் தேனாம்பேட்டையின் நியூயிங்டன் மாளிகையில் இத்தகைய சிறுவர்களுக்கென்றே பள்ளி நடந்தது. குடியானவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அப்படியொரு ஏற்பாடு இல்லை.

1856-இல் ஹனுமான் பிரசாத் பாண்டே வழக்கில், மைனரின் சொத்தை நிர்வகிப்பவர் உண்மையான தேவைக்கும் சொத்தின் நன்மைக்கும் மட்டுமே அதை ஈடுவைக்கலாம் என இலண்டன் பிரிவி கவுன்சில் வரையறுத்தது. வங்காளத்துக்கு 1858-லும் பம்பாய்க்கு 1864-லும் தனிச் சட்டங்கள் வந்தன. மைனர்களை யார் வசம் வைப்பது என்பதற்கு 1861-இல் ஒரு சட்டம் வந்தது. 1890-ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றை நீக்கி ஒன்றாக்கியது. சொத்தைக் காக்கப் பிறந்த சட்டமாதலால், இன்றும் அதன் பிரிவுகளில் பல நிலம், கணக்கு, ஜாமீன் பற்றிப் பேசுகின்றன.

தகுதியும் நடைமுறையும்: 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி இயற்கைக் காப்பாளர் தந்தை, அடுத்துத் தாய். அண்ணனும் அக்காளும் அப்பட்டியலில் இல்லை. எத்தனை ஆண்டு சோறிட்டு வளர்த்திருந்தாலும் ஆணையின்றி அவர்கள் சட்டத்தின் கண்ணில் காப்பாளர் ஆவதில்லை. ஹனஃபி முஸ்லிம் சட்டத்தில் குழந்தையை வளர்க்கும் உரிமை தாய்க்கும் இரு பாட்டிமாருக்கும் அடுத்து உடன்பிறந்த சகோதரிக்கு உண்டு. சொத்தின் மீது அவளுக்கு அதிகாரமில்லை.

மனுதாரர் மேஜராக இருக்க வேண்டும். மைனர் வழக்கமாக வசிக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்திலோ, குடும்ப நீதிமன்றம் உள்ள ஊரில் அங்கோ மனு செய்யலாம். பொறுப்பேற்கச் சம்மதம் என்ற உறுதிமொழியில் இரு சாட்சிகள் கையெழுத்திடுவர். உறவினருக்கு நோட்டீஸ் போகும். சித்தப்பாவோ தாய்மாமனோ எதிர்த்தால் வழக்கு நீளும். உறவின் நெருக்கம், காப்பாளரின் நடத்தை, இறந்த பெற்றோரின் விருப்பம் ஆகியவற்றை நீதிமன்றம் பார்க்கும். விவரம் தெரிந்த பிள்ளையையும் கேட்கலாம். எல்லாவற்றுக்கும் மேலானது குழந்தையின் நலன்.

நீதிமன்றம் நியமித்த காப்பாளர், அதன் அனுமதியின்றி மைனரின் மனையை விற்கவோ அடமானம் வைக்கவோ இயலாது. மீறி விற்றால், மைனர் 18 வயது நிறைந்த மூன்று ஆண்டுக்குள் அதை ரத்துசெய்ய வழக்கிடலாம். 1956-ஆம் ஆண்டுச் சட்டம் இயற்கைக் காப்பாளருக்கு விதிக்கும் இதே போன்ற கட்டுப்பாடு, பிரிக்கப்படாத கூட்டுக் குடும்பச் சொத்துக்குப் பொருந்தாது என 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிமன்றக் காப்பாளர் உள்ள மைனர் 21 வயதில்தான் மேஜராவார் என்ற பழைய விதியை 1999-ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கியது.

இன்றைய நிலை: 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுக்களும் ஆதரவற்ற சிறாரைக் கவனிக்கின்றன. கொரோனாவில் பெற்றோரை இழந்தவர்களுக்குத் தமிழக அரசு 2021-இல் 5 லட்சம் ரூபாய் வைப்புநிதியும், உறவினரிடமோ காப்பாளரிடமோ வளர்வோருக்கு 18 வயதுவரை மாதம் 3,000 ரூபாயும் அறிவித்தது.