மான் வேட்டையும் இடத்தேர்வும்: விருதுநகர்ப் பகுதியை முன்வைத்து ஓர் ஆய்வு

பண்டைத் தமிழரின் வேட்டையைப் பற்றிப் பேசப் புகுவோர்க்கு முதற்கண் நினைவிற்கு வருவன வில்லும் அம்பும், நாயும் வலையுமே. கருவிகளின் சிறப்பினை நாமும் மறுப்பதற்கில்லை. எனினும் மான் வேட்டையைப் பொறுத்தவரை கருவி இறுதியில் வருவது. இடமே முதலில் வருவது. அம்பு செல்லும் எல்லை சிறிது. மானின் செவியும் மூக்கும் அவ்வெல்லைக்கு அப்பாலேயே வேட்டுவனை அறிந்துகொள்ளும் ஆற்றல் உடையன. ஆகவே மான் எங்கு மேயும், எவ்வழியே செல்லும், எப்பொழுது நீருண்ண வரும் என்பனவற்றை முன்னரே ஆராய்ந்து, தனக்குரிய இடத்தைத் தேர்ந்துகொண்டவனே வெறுங்கையோடு மீளாதவன் ஆவான். இவ்விடத்தேர்வு குறித்துப் பழந்தமிழ் நூல்கள் கூறுவன யாவை, அவை நிலத்தின் இயல்போடு பொருந்துவனவா என்பதை விருதுநகர்ப் பகுதியை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சி வேட்டையின் வரலாற்றோடு நின்றுவிடுவதன்று. சங்கச் செய்யுட்களில் வரும் முதற்பொருளும் கருப்பொருளும் புலவர் வழிவழியாகக் கையாண்ட வாய்பாடுகளே என்று கருதுவாரும் உளர். அக்கருத்தே உண்மையாயின், அவற்றைப் பண்டை வாழ்வுக்குச் சான்றாகக் கொள்ளுதல் அரிதாகிவிடும். அவற்றின் அடியில் பட்டறிவு உண்டா, இல்லையா என்பதைத் துணிவதற்கு வேட்டுவனின் இடத்தேர்வு நல்லதோர் உரைகல் எனக் கருதுகின்றோம்.

1. நிலத்தின் இயல்பு

1985ஆம் ஆண்டில் பழைய இராமநாதபுர மாவட்டத்தினின்றும் பிரிந்து தனி மாவட்டமான விருதுநகர்ப் பகுதி, இவ்வாய்வுக்கு மிகவும் ஏற்றது. அதன் மேற்கெல்லையில் மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கின்றது. மலையடியில் இராசபாளையம், திருவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு ஆகிய ஊர்கள் உள்ளன. கிழக்கே செல்லச் செல்லச் சிவகாசி, சாத்தூர், விருதுநகர், அருப்புக்கோட்டை எனக் கரிசல் பரந்து கிடக்கின்றது. மலையும் காடும் வெளியும் ஒன்றையடுத்து ஒன்றாக அமைந்த இந்நிலத்தில், குறிஞ்சியும் முல்லையும், கோடையில் அவை திரிந்த பாலையும் அணித்தணித்தே காணக் கிடைக்கின்றன.

இந்நிலத்தின் தலையாய பண்பு வறட்சியே. வைப்பாறு மழைக்காலத்தில் பெருகி, ஆண்டின் பெரும்பகுதியில் மணலாய்க் கிடக்கும். 1923இல் சிவகாசியில் தொடங்கிய தீப்பெட்டித் தொழிலும், அதன் வழிவந்த பட்டாசுத் தொழிலும் இப்பகுதியில் வேரூன்றியதற்குக் கூறப்படும் காரணங்களுள் ஈரம் குன்றிய காற்றும் ஒன்றாகும். குச்சியையும் திரியையும் விரைவில் உலர்த்திய அவ்வறட்சியே, முற்காலத்தில் விலங்குகளைச் சிலவாகிய நீர்நிலைகளை நோக்கி ஒருங்கு செலுத்தியிருத்தல் வேண்டும். நீர் மலிந்த நாட்டில் மான் எங்கும் நீருண்ணும். நீர் அரிதாகிய நாட்டிலோ அது வரும் இடம் குறிப்பிட்டதாகிவிடுகின்றது.

இத்தென்பகுதியில் வேட்டை மாந்தர் வாழ்ந்தமைக்கு இலக்கியத்திற்கு முற்பட்ட சான்றுகளும் உள. தெற்கே செம்மணல் தேரிகளில் கிடைத்த நுண்கற்கருவிகளைச் சாய்னர், ஆல்ச்சின் என்னும் அறிஞர் இருவர் 1956இல் ஆராய்ந்து வெளியிட்டனர். விருதுநகர் மாவட்டத்திலேயே, வைப்பாற்றின் கரையிலுள்ள வெம்பக்கோட்டையில் 2022 முதல் நடைபெற்ற அகழாய்விலும் அத்தகைய கருவிகள் வெளிப்பட்டன. ஆற்றங்கரையே தொன்மை மாந்தரின் இருப்பிடமாயிற்று என்பது ஈண்டு நினையத்தக்கது.

2. பெயர் வேறுபாடும் நில வேறுபாடும்

இடத்தைத் தேர்பவன் முதலில் விலங்கினைத் தேர்தல் வேண்டும். இன்று நாம் ‘மான்’ என ஒரு சொல்லால் அடக்குவதைத் தொல்காப்பிய மரபியல் பலவாகப் பிரித்துக் காண்கின்றது. நவ்வி, உழை, புல்வாய் ஆகியவற்றின் இளமைப் பெயர் மறி. புல்வாயின் ஆண் இரலை எனவும் கலை எனவும் பெயர் பெறும். இவற்றின் பெண் பிணை எனப்படும். மரையின் பெண்ணோ பிணை எனப்படாது, எருமையோடும் பெற்றத்தோடும் சேர்ந்து ‘ஆ’ என்னும் பெயர் பெறுகின்றது. உருவிலும் நடையிலும் கண்ட வேறுபாடே இப்பெயர் வேறுபாட்டிற்குக் காரணமாதல் வேண்டும்.

இவ்வேறுபாடு நிலத்தோடும் இயைந்துள்ளது. புல்வாய் என்னும் பெயரே அது புல்வெளியில் மேய்வது என்பதைக் காட்டும். முறுக்குண்ட கொம்புடையதாகப் பாடப்பெறும் இரலை, இன்று வெளிமான் எனப்படுவதே என்பது பொருந்தும் கருத்தாகும். குறுங்குடி மருதனார் பாடிய அகநானூற்று நான்காம் பாட்டில், மழை பெய்த முல்லை நிலத்தில் பரற்கற்கள் நிறைந்த பள்ளங்களை ஒட்டி இரலை துள்ளுவதாக வருகின்றது. அடர்ந்த மலைக்காட்டில் அதனை வைத்துப் பாடாது, திறந்த நிலத்தில் வைத்துப் பாடியது அவ்விலங்கின் இயல்பறிந்து பாடியதேயாம். தூத்துக்குடி மாவட்டத்து வல்லநாட்டில் 1987இல் அமைக்கப்பெற்ற வெளிமான் சரணாலயமும் குன்றும் புதரும் திறந்த வெளியும் கலந்த நிலமே. மாறாகக் கடமான் மலைக்காட்டின் செறிவை நாடுவது; புள்ளிமான் காட்டின் ஓரத்தையும் நீரின் அண்மையையும் நாடுவது.

பிறிதொன்றும் ஈண்டுக் கூறத்தக்கது. கலை என்னும் பெயர் புல்வாய்க்கு மட்டுமன்றி உழைக்கும், ஏன், முசுவாகிய குரங்கிற்கும் உரியது என்று மரபியல் கூறுகின்றது. அங்ஙனமாயின் செய்யுளில் ‘கலை’ என வருமிடத்து அது மானா, குரங்கா என்பதை எவ்வாறு துணிவது? அடையடுத்து வாராதவழி, அது நிற்கும் இடமே அதனைத் துணிவிக்கும். மரக்கிளையில் தாவுவது முசு. புதரிடை மேய்வது மான். நிலத்தை அறியாதார்க்குச் சொல்லின் பொருளும் விளங்காது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

3. தடமும் நீரும்

இடத்தேர்வின் முறையினைத் தெளிவுறக் காட்டுவது கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையே. தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய அந்நூல், எயினர் வேட்டையைக் கூறுமிடத்து நான்கு செய்திகளை அடுக்குகின்றது. ஒன்று, மான்களின் குளம்படி பதிந்த, தெளிவற்ற காட்டுவழி. இரண்டு, மழை மறைந்த வறண்ட காலம். மூன்று, நீரை விரும்பித் தோண்டிய குழி. நான்கு, அதனைச் சூழ அகழ்ந்த பள்ளங்களில் வேட்டுவர் ஒளித்து ஒடுங்கியிருத்தல். அவர்கள் நள்ளிரவில் எதிர்நோக்கியிருப்பது வளைந்த கொம்புடைய பன்றியை. அவ்வேட்டை தவறின், பகலில் நாய்களோடு புதர்களை அலைத்து, வேலிபோல் வலை கட்டி முயலைப் பிடிப்பர் என்றும் அந்நூல் கூறுகின்றது.

இப்பகுதியில் வேட்டைப் பொருள் பன்றியாயினும், இடத்தைக் காட்டிக்கொடுத்தது மானின் அடிச்சுவடே என்பது கருதற்பாலது. பல விலங்கும் நீருக்கு வரும் வழி ஒன்றாதலின், ஒன்றன் தடம் மற்றொன்றன் வரவுக்குக் குறியாயிற்று. இதனைத் தொகுத்து நோக்கின் தடம், பருவம், நீர், மறைவிடம், பொழுது என ஐந்து கூறுகள் பெறப்படுகின்றன. இவற்றுள் பருவமும் பொழுதும் முதற்பொருளின் காலப் பகுப்பு. தடமும் மறைவிடமும் நிலப் பகுப்பு. நீரும் விலங்கும் கருப்பொருள். வேட்டுவன் தன் உணவுக்காக ஒருங்கு நோக்கியவற்றையே இலக்கண நூலார் செய்யுளுக்காக ஒருங்கு வகுத்தனர் என்று கூறுதல் மிகையாகாது.

விளைபுலத்தை அடுத்த இடத்தேர்வு வேறு வகையினது. பெருங்கௌசிகனாரின் மலைபடுகடாம், பன்றி புகும் குறுகிய வழிகளில் கற்பொறிகள் வைக்கப்பட்டிருக்கும். அவற்றுக்கு அஞ்சிச் செல்க என்று கூத்தரை எச்சரிக்கின்றது. அங்கு வேட்டுவன் காத்திருப்பதில்லை. அவன் தேர்ந்த இடமே அவனுக்காகக் காத்திருக்கின்றது.

4. பார்வை

மான் வரும் இடத்தைத் தேடுவது ஒரு முறை. தான் இருக்கும் இடத்திற்கு மானை வரச்செய்வது பிறிதொரு முறை. இரண்டாவதற்குப் பயன்பட்டதே ‘பார்வை’ எனப்படும் பழக்கப்பெற்ற விலங்கு. பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடிசை முற்றத்து விளாமரத்தில் பார்வை கட்டப்பட்டுள்ளது. வீரை வெளியனாரின் புறநானூற்றுப் பாட்டு ஒன்றில், கொடி படர்ந்த முற்றத்தில் வேட்டுவன் துயில்கின்றான். பார்வைப் பிணையோடு ஒரு கலை கூடி மகிழ்கின்றது. கணவன் விழித்துக்கொள்வான், கலை பிணையை விட்டு அகன்றுவிடும் என அஞ்சிய மனைவி, அசையாது ஒலியின்றி நிற்கின்றாள். இரைக்காகவே வளர்த்த பிணை, இரக்கத்திற்கு இடமாகிவிடுகின்றது. வேட்டுவக் குடியின் வாழ்வை அருகிருந்து காணாதவர் கற்பனையால் மட்டும் இத்தகைய காட்சியைப் படைத்தல் எளிதன்று.

5. வேட்டைக் களம் ஊரானமை

திருவில்லிபுத்தூரின் தலபுராணம் இத்தொடர்பில் நோக்கத்தக்கது. மல்லி என்னும் அரசியின் மக்களாகிய வில்லி, கண்டன் என்னும் வேடர் இருவர் காட்டில் வேட்டையாடச் சென்றனர்; கண்டன் புலியால் இறந்தான்; அவனைத் தேடி அயர்ந்து துயின்ற வில்லியின் கனவில் இறைவன் தோன்ற, அவன் காடு திருத்திக் கோயிலும் ஊரும் கண்டான் என்பது அக்கதை. தலபுராணத்தை வரலாறாகக் கொள்ளுதல் தகாது. ஆயினும் மலையடிக் காட்டின் விளிம்பில் அமைந்த ஓர் ஊர், தன் தோற்றத்தை வேட்டையோடு இணைத்து நினைவுகூர்வது தற்செயலாக நிகழ்ந்ததன்று. நீரும் மேய்ச்சலும் உள்ளதென வேட்டுவன் கண்ட இடமே, பின்னர் உழவனுக்கும் குடியிருப்புக்கும் உரிய இடமாதல் இயல்பு.

அம்மலைக்காடு 1988இல் சாம்பல்நிற அணிற் சரணாலயமாகவும், 2021இல் திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாகவும் ஆயிற்று. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் மான் வேட்டையை விலக்கின. எனினும் இடத்தேர்வு அறிவு அழிந்துவிடவில்லை. விலங்குக் கணக்கெடுப்பில் குளம்படியையும் புழுக்கையையும் நோக்குவதும், கோடையில் நீர்நிலையருகே காத்திருப்பதும் எயினர் கையாண்ட முறைகளே. கொல்வதற்குப் பயன்பட்ட அறிவு காப்பதற்குப் பயன்படுகின்றது.

6. முடிபு

புலவர் அனைவரும் வேட்டுவர் அல்லர் என்றும், ஒருவர் கூறியதைப் பின்வந்தோர் எடுத்தாண்டிருக்கலாம் என்றும் தடை எழுப்புதல் கூடும். வழக்காறு செய்யுளில் உண்டு என்பது உண்மையே. ஆயின் வழக்காறாக நிலைபெற்ற பின்னரும் ஒரு செய்தி விலங்கின் இயல்போடு மாறுபடாதிருத்தல், அதன் தொடக்கம் பட்டறிவில் உள்ளது என்பதையே காட்டும். திருக்கோவையாரில் ‘கலைமான் வினாதல்’ என்பது தலைவன் பேச்சைத் தொடங்குதற்குரிய ஒரு துறையாகவே நின்றுவிட்டது. ஆங்குக்கூட, தப்பிய மான் தினைப்புனத்தின் பக்கம் வந்திருக்கலாம் என்னும் வேட்டுவனின் பழைய எண்ணமே அவ்வினாவைப் பொருந்தச் செய்கின்றது.

ஆதலின் சங்க நூல்களைப் பயில்வோர் அகராதியோடு அமையாது, மலையடியையும் கரிசலையும் வறண்ட ஆற்றுப்படுகையையும் கோடையிலும் மழையிலும் சென்று காணுதல் வேண்டும். திணை என்பது ஏட்டில் தோன்றி நிலத்தின்மேல் ஏற்றப்பட்டதன்று. நிலத்தில் இரைதேடித் திரிந்தோர் கண்டறிந்து, பின்னர் ஏட்டில் ஏறியது என்பதே இவ்வாய்வால் நாம் கண்ட முடிபாகும்.