சவுத்தால் மண்ணும் சுன்னாகம் கிணறும்

சவுத்தால் தொடருந்து நிலையத்துக்கு மேற்கே நின்ற பெரிய எரிவாயுத் தாங்கி நம்மில் பலருக்கு நினைவிருக்கும். ஹீத்ரோவுக்கு வரும் விமானிகளுக்காக அதில் 'எல் எச்' என்று எழுதியிருந்தார்கள். அங்கே 19ஆம் நூற்றாண்டிலிருந்து நிலக்கரியைச் சூடாக்கி வாயு எடுத்தார்கள். மிஞ்சிய தாரும் பென்சீன், நாப்தலீன் போன்றவையும் நிலத்தில் ஊறின. அந்த நிலத்தில் 3,750 வீடுகள் கட்ட 2010இல் அனுமதி கிடைத்தது. துப்புரவுக்காக மண்ணைத் தோண்டியபோது பெற்றோல் நாற்றம் வீசுவதாக அயலவர்கள் முறையிட்டார்கள்.

எண்ணெய் ஊறிய மண்ணைக் குவித்து, காற்றும் ஈரமும் நைதரசன், பொசுபரசு உரமும் கொடுத்தால், மண்ணிலுள்ள பற்றீரியாக்களே எண்ணெயைத் தின்று சிதைக்கும். ஆனால் இலேசான சேர்மங்கள் அதற்கு முன்பே ஆவியாகிவிடும். குவியலை மூடி, அதன் காற்றை உறிஞ்சிக் கரி வடிகட்டியூடாக விடாவிட்டால் மண்ணின் நஞ்சு மூச்சுக்கு இடம் மாறும்.

குளிரில் பற்றீரியா மெதுவாகவே வேலை செய்யும். அந்தாட்டிக்காவின் கேசி நிலையத்தில் டீசல் சிந்திய மண்ணை அவுஸ்திரேலியர்கள் இம்முறையில்தான் சுத்திகரிக்கிறார்கள். அதற்கு ஆண்டுக்கணக்காகும். 1991ஆம் ஆண்டு மட்ரிட் உடன்படிக்கையின்படி வெளி உயிரினங்களை அனுமதியின்றி அங்கே கொண்டுபோக முடியாது. ஆகவே அந்த மண்ணின் பற்றீரியாக்களுக்கே உரமிடுகிறார்கள்.

நமது ஊரின் நிலை இன்னும் கடினம். சுன்னாகத்தில் மின் நிலையப் பகுதியின் எண்ணெய்க் கழிவு கிணறுகளில் கலந்தது. 2019 ஏப்ரல் 4இல் இலங்கை உயர் நீதிமன்றம், நொதேர்ன் பவர் நிறுவனம் பாதிக்கப்பட்ட கிணற்று உரிமையாளர்களுக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கவேண்டுமெனத் தீர்ப்பளித்தது. யாழ்ப்பாணத்தின் நிலத்தடியில் இருப்பது வெடிப்பும் துவாரமும் நிறைந்த சுண்ணாம்புக்கல். அதனூடாக நீர் விரைவாக ஓடும். எண்ணெயும் கூடவே போகும். மண்ணைத் தோண்டிக் குவிக்கலாம், பாறைக்குள் போன எண்ணெயை அப்படி அள்ள முடியாது. இழப்பீடு கிணற்றைத் திருப்பித் தராது.

ஊரில் கிணற்று நீரில் எண்ணெய்ப் படலமோ மணமோ தெரிந்தால் குடிக்கவேண்டாம் என்று உறவினர்களுக்குச் சொல்லுவோம். கொதிக்கவைப்பது கிருமியைக் கொல்லுமே தவிர எண்ணெயை நீக்கிவிடாது. காணி வாங்க இங்கிருந்து காசு அனுப்புவோர், உறுதியைப் பார்ப்பதுபோல நீர்ப் பரிசோதனை அறிக்கையையும் கேட்டுப் பார்ப்பது நல்லது.